முதல் கேமரா வாங்கும் முன்

ஒளி நேர்கோட்டில் செல்வதை இருட்டறைச் சோதனைகளால் விளக்கியவர் பஸராவில் பிறந்த இப்னு ஹைஸம். அந்த ஒளியைக் கொண்டு படம் பிடிக்கப் பயிலும் பிள்ளைக்காக வட்டித் தவணையில் புதுக் கேமரா எடுக்க முனையும் பெற்றோர் சற்றே நிதானிக்க வேண்டும். 2018இல் வெளிவந்த நிக்கான் டி3500 போன்ற, ஒருவர் பயன்படுத்திய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவே பயில்வோர்க்குப் போதுமானது. சேமிப்பிலிருந்து ரொக்கமாகவே வாங்கிவிடலாம். ஷட்டர் எத்தனை முறை இயங்கியுள்ளது என்பதை மட்டும் விசாரித்தறிக.

மிச்சப்படும் தொகை லென்சுக்கு ஆகட்டும். உடன் வரும் 18-55 மி.மீ. லென்ஸ் 55இல் எஃப்/5.6 அளவே திறக்கும். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸோ ஒன்பது மடங்கிற்கும் அதிகமான ஒளியை உள்ளே விடும். ஆனால் டி3500இன் உடலில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஆகவே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் வகையையே கேட்டு வாங்குக. மஃக்ரிபுக்கு முந்திய மங்கிய வெளிச்சத்திலும், ஃபிளாஷ் இன்றியே, திண்ணையில் அமர்ந்திருக்கும் உம்மும்மாவின் முகம் தெளிவாகப் பதியும்.