மாலையில் எடுத்த ரத்தம்

என் அத்தை மகனுக்கு 31 வயது. கல்யாணமாகி ஒரு வருடம். போன மாதம் முழு உடல் பரிசோதனை செய்தபோது டெஸ்டோஸ்டிரோனையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 268 என்று தடித்த எழுத்து, பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. "ஊசி போட்டா சரியாயிடும்" என்றாராம் ஜிம்மில் ஒருவர். நான் தாளின் மேல் மூலையைப் பார்த்தேன். ரத்தம் எடுத்த நேரம்: மாலை 5.40.

இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து, பொழுது சாயச் சாய இறங்கும். இளைஞர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். அதனால்தான் காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையிலும் எடுத்துப் பார்த்த பிறகே முடிவு. காய்ச்சலோடும் தூக்கம் கெட்ட நாளிலும் எடுத்தால் குறைத்துத்தான் காட்டும்.

அலகையும் கவனியுங்கள். டெசிலிட்டருக்கு 300 நானோகிராம் என்பதும், மில்லிலிட்டருக்கு 3 நானோகிராம் என்பதும் ஒன்றுதான். பல மருத்துவர்கள் குறைவு என்று கொள்ளும் எல்லை அது. ஆனால் ஆசை குறைவு, விறைப்புக் குறைவு போன்ற அறிகுறி இல்லாமல் எண் மட்டும் நோயாகாது. உடல் பருமன் இருந்தால் ஹார்மோனைச் சுமக்கும் புரதம் குறைந்து, மொத்த அளவும் குறைவாகத் தெரியும். உண்மையிலேயே குறைவென்றால், விரையைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான எல்.எச். பரிசோதனை வேண்டும். அது உயர்ந்திருந்தால் கோளாறு விரையில். உயராமல் இருந்தால் பிட்யூட்டரி சுரப்பியைப் பார்க்க வேண்டும்.

நான் பயப்படுவது ஊசிக்குத்தான். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும், பிட்யூட்டரி விரைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு குறையும்; சிலருக்கு அறவே இல்லாமல் போகும். ஊசியை நிறுத்தினாலும் திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். ரத்தமும் கெட்டியாகும். குழந்தைக்காகக் காத்திருக்கும் வீட்டில் இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

இது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. அப்படி விற்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் கொடுக்கலாம். காசு வாங்கிக்கொண்டு தவறாகப் பரிசோதித்த லேப் மீது 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வழி கேட்க 1915 என்ற எண் இருக்கிறது. பில்லையும் ரிப்போர்ட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அவன் சனிக்கிழமை காலை 8 மணிக்கு மறுபடி ரத்தம் கொடுக்கப் போகிறான். முந்தின இரவு சீக்கிரம் தூங்கச் சொல்லியிருக்கிறேன்.