ஏவலன் ஏவியதையே செய்வான்

(மூன்றாமாண்டு கணினி அறிவியல் மாணவன்)

பந்தயம் என்றால் ஆடுபவர்களையே நாம் பார்க்கிறோம். யாருக்கு யார் எதிரி, எத்தனை மணிக்கு ஆட்டம், வராதவருக்கு என்ன தீர்ப்பு என்று குறித்துக்கொண்டு அலைகின்ற ஒருவனை யாரும் பார்ப்பதில்லை. சென்ற ஆண்டு நம் கல்லூரிச் சதுரங்கக் குழுவில் அந்த ஒருவன் நான். கையில் ஒரு நோட்டு. அதில் 32 பெயர்கள்.

அந்த நோட்டு தோற்றுப்போயிற்று. கடைசி மணி அடித்ததும் பாதிப்பேர் பேருந்துக்கு ஓட வேண்டியவர்கள். உசிலம்பட்டி, பேரையூர், மேலூர், வாடிப்பட்டிப் பக்கங்களிலிருந்து வருபவர்கள். மாலையில் தங்கி ஆட முடிந்தவர்கள் நகரத்தில் குடியிருப்போர் மட்டுமே. வல்லவர் வென்றார் என்பதைவிட, வீடு அருகில் இருந்தவர் வென்றார் என்பதே பொருந்தும். எனவே இந்த ஆண்டு இரவில், அவரவர் வீட்டிலிருந்தே, கைப்பேசியில் ஆடுவதென்று முடிவு செய்தோம். ஆடுகளம் லிச்செஸ். 2010-இல் தொடங்கிய இத்தளத்தில் கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. கூடிப் பேசும் இடம் 2015-இல் வந்த டிஸ்கார்டு செயலி. அதில் நமக்கென ஓர் அரங்கு அமைக்கலாம். அதைச் 'சர்வர்' என்பார்கள். என் நோட்டின் வேலையை அங்கே 'பாட்' என்னும் நிரலிடம் ஒப்படைத்தோம். நான் அதை ஏவலன் என்றே அழைக்கிறேன்.

இது புதுமை அன்று. பின்லாந்தில் 1988-இல் யார்க்கோ ஓய்காரினென் உருவாக்கிய ஐ.ஆர்.சி. உரையாடல் அரங்குகளிலேயே இத்தகைய ஏவலர்கள் காவல் புரிந்தனர். கட்டளை வந்தால் செய்வது, குறித்த நேரத்தில் அறிவிப்பது, இவையே அன்றும் இன்றும் அவர்கள் தொழில்.

அமைக்கும் முறை

முதலில் டிஸ்கார்டின் நிரலாளர் பக்கத்தில் ஏவலனைப் பதிவு செய்தால் 'டோக்கன்' என்னும் நீண்ட இரகசியக் குறியீடு கிடைக்கும். அது வீட்டுச் சாவி. யாரிடம் அது போகிறதோ, அவர் சொற்படி ஏவலன் ஆடுவான். அதை நிரலுக்குள் எழுதி நண்பர்களுக்கு அனுப்புவது, சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

அடுத்தது அதிகாரம். எல்லா உரிமையையும் ஒரே சொடுக்கில் கொடுத்துவிடலாம்; கொடுக்கக் கூடாது. செய்தி அனுப்புதல், 'பங்கேற்பாளர்' என்ற பட்டத்தை வழங்குதல், இவ்விரண்டே நமக்குப் போதும். சாய்கோட்டில் தொடங்கும் கட்டளைகளை மட்டும் அவன் ஏற்றால், மாணவர்கள் தமக்குள் பேசுவதை அவன் படிக்கத் தேவையே இல்லை.

இங்கே ஒரு சிக்கலில் இரண்டு நாள் சிக்கினேன். உரிமை கொடுத்தும் ஏவலன் பட்டம் வழங்க மறுத்தான். பட்டியலில் அவன் பட்டம் கீழேயும், பங்கேற்பாளர் பட்டம் மேலேயும் இருந்ததே காரணம். தன்னிலும் மேலிடத்துக்கு எழுத்தர் உத்தரவு போட முடியுமா? வரிசையை மாற்றியதும் வேலை நடந்தது.

பிறகு நேரம். இரவு 8 மணிக்கு அறிவிக்கச் சொல்லி 20:00 என்று எழுதினேன். அறிவிப்பு நள்ளிரவு தாண்டி 1.30-க்கு வந்து பலரைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது. நிரல் ஓடிய கணினி உலகப் பொது நேரத்தில் இருந்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக ஏவலனைத் திட்டினேன். பிழை என்னுடையது.

ஆட்ட முறை

32 பேரும் ஒருவரோடொருவர் ஆடினால் 496 ஆட்டங்கள். கல்லூரி ஆண்டே போதாது. தோற்றவர் வெளியேறும் முறையில் 31 ஆட்டங்களே. ஆனால் பாதிப்பேர் முதல் நாளே வீட்டுக்குப் போவர். நடுவழி சுவிஸ் முறை. சூரிச் நகரில் 1895-இல் நடந்த போட்டியில் பிறந்தது. மாமல்லபுரத்தில் 2022-இல் நடந்த செஸ் ஒலிம்பியாடின் 11 சுற்றுகளும் இம்முறையிலேதான். ஒத்த புள்ளியுடையோர் மோதுவர், ஒருவரை ஒருமுறைக்கு மேல் எதிர்ப்பதில்லை, எவரும் வெளியேறுவதில்லை. நமக்கு 5 சுற்று, 80 ஆட்டம். இணை சேர்ப்பதை ஏவலன் நொடியில் முடித்துவிடுவான்.

பத்து நிமிடம்

எல்லாம் சரியென்று மகிழ்ந்திருந்தேன். இரவு 8 மணிக்கு ஆட்டம், 8.10-க்குள் 'வந்தேன்' என்ற கட்டளை தராதவர் தோற்றவர். இந்தப் 'பத்து' என்ற எண்ணை நான் யோசித்து எழுதவில்லை. அமைப்பில் முன்பே இருந்தது; விட்டுவிட்டேன்.

முதற்சுற்றில் இருவர் அப்படித் தோற்றனர். ஒருவர் பேரையூர்ப் பக்கத்து முதலாமாண்டு மாணவர். மறுநாள் விசாரித்தபோது, "பரவால்லண்ணே, அடுத்த வருஷம் பாத்துக்கிறேன்" என்றார். வற்புறுத்திக் கேட்ட பிறகே சொன்னார். வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி, அது அப்பாவுடையது. அவர் மண்டியில் மூட்டை இறக்கிவிட்டு வீடு வர எட்டரை ஆகிவிடும்.

சென்ற ஆண்டு பேருந்து செய்ததை இந்த ஆண்டு என் ஏவலன் செய்திருக்கிறான். ஒரு வேறுபாடு உண்டு. பேருந்து நேரத்தை நான் எழுதவில்லை. இதை எழுதியவன் நான்.

அன்றே விதியை மாற்றினோம். ஒவ்வொரு சுற்றும் வெள்ளி மாலை 7 முதல் ஞாயிறு இரவு 10 வரை திறந்திருக்கும். இருவரும் பேசி நேரம் குறிப்பர், ஏவலன் நினைவூட்டுவான். ஆட்டம் நடக்காவிட்டால் தீர்ப்புச் சொல்வது அவன் அல்லன். நடுவராக இருக்கும் மாணவர் இருவர் காரணம் கேட்டே முடிவு செய்வர். முதற்சுற்றை மறுபடி நடத்தினோம். அந்தத் தம்பி ஐந்து சுற்றில் மூன்றரைப் புள்ளி எடுத்தார். அவரிடம் தோற்றவர்களில் நானும் ஒருவன்.

நண்பர்களே, ஏவலனுக்கு ஓரவஞ்சனை இல்லை; இரக்கமும் இல்லை. அவனிடம் நாம் எழுதித் தரும் ஒவ்வோர் எண்ணும் யாரோ ஒருவர்மீது விழும் தீர்ப்பு ஆகும். நாளை நம்மில் பலர் அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் இத்தகைய ஏவலர்களை எழுதப் போகிறோம். எழுதும்போது, கட்டளை தந்து முன்னே நிற்பவரை மட்டும் நினைத்தால் போதாது. இன்னும் வந்து சேராதவரையும் நினைக்க வேண்டும்.