உஷார்! நமக்கு முழங்கால், பிள்ளைக்குக் கழுத்து

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மறுநாள் டிசம்பர் 1. திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையடிவாரத்து வீடு ஒன்றின் மேல் பாறையும் சேறும் சரிந்து விழுந்தன. உள்ளே இருந்த 7 பேரும் இறந்துபோனார்கள். அதில் 5 பேர் குழந்தைகள். அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மூன்று பேர்.

திருவண்ணாமலை கடலோர ஊர் இல்லை. புயல் என்றால் கடல், படகு, மீனவர் என்றே நம் மனம் போகிறது. சாவு மலையடிவாரத்தில் காத்திருந்தது. அங்கே வீடு கட்டிக் குடியிருந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வேறு இடம் இருந்தால் யார் அங்கே போய் வாழப் போகிறார்கள்? ஆனால் அந்த 5 பேரின் வயதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. எந்த எச்சரிக்கையையும் படிக்கவோ, கிளம்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கவோ முடியாத வயது.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. பேரிடர் பற்றிய நம் கணக்கு எல்லாமே வளர்ந்த ஆளின் உடம்பை வைத்துப் போட்ட கணக்கு. அறிவிப்பு, நிவாரணம், முகாம், பள்ளி விடுமுறை எதை எடுத்தாலும் சரி. 'முழங்கால் அளவு தண்ணீர்தான், பயப்படாதீங்க' என்கிறோம். யாருடைய முழங்கால்? வளர்ந்த ஒருவரின் முழங்கால் தரையிலிருந்து சுமார் அரை மீட்டர். மூன்று வயதுப் பிள்ளைக்கு அது தொப்புளைத் தொடும். நடக்கப் பழகும் ஒரு வயதுக் குழந்தைக்கோ கழுத்துக்குக் கொஞ்சம் கீழே. ஓடும் தண்ணீராக இருந்தால் அந்த அளவே பெரியவரையும் சாய்த்துவிடும். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கடந்துவிடலாம் என்று இறங்காதீர்கள். திறந்து கிடக்கும் மழைநீர் வடிகால், மேன்ஹோல், கசிவுள்ள இ.பி. பெட்டி, ஸ்டே கம்பி எதுவும் அந்தக் கலங்கலில் தெரியாது.

யுனிசெஃப் 2021 ஆகஸ்டில் குழந்தைகளுக்கான காலநிலை அபாயக் குறியீடு ஒன்றை வெளியிட்டது. புயல், வெள்ளம், வெப்பம், காற்று மாசு எவ்வளவு தாக்குகின்றன என்பது அதில் பாதிக் கணக்கு. தாக்கும்போது அந்தக் குழந்தைக்குக் குடிநீர், சத்துணவு, மருத்துவம், பள்ளி எல்லாம் எந்த அளவுக்கு இருக்கின்றன என்பது மீதிப் பாதி. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில், உலகத்தின் 220 கோடிக் குழந்தைகளில் சுமார் 100 கோடிப் பேர் மிக மிக ஆபத்தான 33 நாடுகளில் வாழ்கிறார்கள் என்று தெரிந்தது. 163 நாடுகளில் இந்தியாவுக்கு 26-வது இடம். அந்த 33-க்குள் நாமும் இருக்கிறோம். இப்படி நாட்டுக்குப் போட்ட கணக்கை நம் தெருவுக்கு யார் போடுவது? எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எந்த வீட்டுப் பிள்ளை நடக்க முடியாதது, அம்மா வேலைக்குப் போனபின் எந்த வீட்டில் எட்டு வயது அக்கா மூன்று வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள்? இந்தப் பட்டியல் அங்கன்வாடி அக்காவின் மனதில் இருக்கும். மழை வருவதற்கு முன்பே அது வி.ஏ.ஓ., வார்டு கவுன்சிலர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

வெள்ளத்தையாவது கண்ணால் பார்க்கிறோம். எனக்கு அதைவிடப் பயம் வெயிலைப் பற்றித்தான்.

சமவெளியில் குறைந்தது 40 டிகிரி செல்சியஸ், கடலோரத்தில் குறைந்தது 37, அதோடு இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதல் என்றால்தான் வானிலை மையம் பொதுவாக வெப்ப அலை என்கிறது. அந்த அளவை எடுக்கும் தெர்மாமீட்டர் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் இருக்கிறது. வானிலை ஆய்வுக்கு அதுவே சரியான முறை. ஆனால் நம் பிள்ளைகள் அந்தப் பெட்டிக்குள் வாழவில்லையே.

வடசென்னையில் ஒரு மே மாதப் பிற்பகலில் நான் போன வீடு ஒற்றை அறை. மேலே சிமென்ட் ஷீட். கையை உயர்த்தினால் தொட்டுவிடலாம், ஆனால் தொட முடியாது, அவ்வளவு சூடு. மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. பழைய நூல் புடவை கிடைக்காமல் பாலியஸ்டர் புடவையில் தூளி கட்டியிருந்தார்கள். தொட்டில் கம்பு நழுவி, துணி இரண்டு பக்கமும் மூடிக்கொண்டிருந்தது. உள்ளே நான்கு மாதக் குழந்தை. கழுத்து மடிப்பு முழுக்க வேர்க்குரு. தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. சத்தமே இல்லை. 'நல்லாத் தூங்குது' என்றார் அம்மா. தூக்கிப் பார்த்தபோது உடம்பு கணகணவென்று இருந்தது, கண்ணைத் திறக்கவே நேரம் எடுத்துக்கொண்டது. காலையிலிருந்து மூத்திரம் போனதா என்று கேட்டதற்கு அவருக்குச் சரியாக ஞாபகம் இல்லை. வெளியே எடுத்து வந்து, துணியைக் கழற்றி, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்து, பால் கொடுத்த பிறகுதான் அது அழுதது. அந்த அழுகையைக் கேட்டு எல்லாருக்கும் உயிர் வந்தது.

அன்றைக்கு வெப்ப அலை எச்சரிக்கை எதுவும் இல்லை.

குழந்தை உடம்புக்கு வெயில் வேறு கணக்கு. எடைக்கு விகிதமாகப் பார்த்தால் பெரியவரைவிட அதற்குத் தோல் பரப்பு அதிகம், அதனால் சூட்டை வேகமாக வாங்கும். வியர்வை குறைவு, அதனால் சூடு வெளியேறுவது மெதுவாக நடக்கும். சின்னப் பாத்திரத்துத் தண்ணீர் சீக்கிரம் கொதிப்பது மாதிரித்தான். இதற்கு மேல், தாகம் என்று சொல்லவும் வாய் வராது. கடலோரத்தில் காற்று ஈரமாக இருப்பதால் சுரக்கும் வியர்வையும் காயாது. இரவிலும் சுவரும் கூரையும் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தால் உடம்பு ஆறுவதற்கு நேரமே கிடைக்காமல் அடுத்த பகல் விடிந்துவிடுகிறது. பகல் வெயிலை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், காற்றில்லாத ராத்திரியையும் பாருங்கள்.

அந்த வீட்டில் இன்னொன்றும் நடந்தது. 'வெயில் காலமாச்சே, தொண்டை காஞ்சிடப்போகுதுன்னு ரெண்டு பாலாடை தண்ணி ஊத்தினேன்' என்றார் பாட்டி. அன்பில் செய்த காரியம். 'வேணாம் ஆயா, ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலே தண்ணியும்கூட' என்றேன். 'நாங்கல்லாம் அப்படி ஊத்தித்தான் வளர்த்தோம்' என்றார். எத்தனையோ வீடுகளில் இதே பேச்சு. தண்ணீர் குடித்து வயிறு நிரம்பிய குழந்தை பால் குடிக்காது. அந்தத் தண்ணீரில் கிருமி இருந்தால் வயிற்றுப்போக்கு. அளவு மீறினால் ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பே வரலாம். எவ்வளவு வெயில் அடித்தாலும் ஆறு மாதத்துக்குள் தாய்ப்பால் மட்டும்தான், அடிக்கடி. தண்ணீரை அம்மா நிறையக் குடிக்கட்டும்.

உச்சிக்குழி உள்வாங்கியிருந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாவிட்டால், கூப்பிட்டால் மலங்க மலங்க விழித்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை நிழல், ஈரத்துணி, விசிறி. காய்ச்சல் மருந்து ஊற்றாதீர்கள், வெயிலால் ஏறிய சூட்டை அது இறக்காது. நினைவில்லாத பிள்ளையின் வாயில் தண்ணீரும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

நிறுத்தியிருக்கும் காரும் கண்ணில் படட்டும். 2025 மே மாதம் ஆந்திராவின் விஜயநகரம் மாவட்டத்தில் துவாரபூடி கிராமத்தில், விளையாடப் போன 4 பிள்ளைகள் நின்றிருந்த காருக்குள் ஏறி, கதவு பூட்டிக்கொண்டதில் மாண்டுபோனார்கள். வண்டியை நிறுத்தினால் பூட்டுங்கள். பிள்ளையைக் காணவில்லை என்றால் கிணற்றுக்கு அடுத்தபடியாகக் காரைத் தேடுங்கள்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல முடிவு. ஆனால் வெயிலில் சோர்ந்து வீட்டுக்குள் இறந்துபோகும் கைக்குழந்தையின் சாவை வெப்பச் சாவு என்று யார் எழுதப்போகிறார்கள்? 'காய்ச்சல்', 'வயிற்றுப்போக்கு' என்று முடிந்துவிடும். கணக்கில் வராத சாவுக்கு நிவாரணமும் கிடையாது, தடுப்பும் கிடையாது.

இனி மழைக்கு வருகிறேன். காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரம் ஒரே இடத்தில் கொட்டும்போது என்ன ஆகும் என்பதைத் தாமிரபரணிக்கரை 2023-ல் பார்த்தது. டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை முக்கி அரையாண்டுத் தேர்வைத் தள்ளிப்போட வைத்தது. அதே மாதம் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கின. பாடப்புத்தகம், சீருடை, சான்றிதழ் எல்லாம் சேறாகிப்போன பிள்ளைகள் ஏராளம். உலகம் முழுக்க 2024-ல் மட்டும் 85 நாடுகளில் 24 கோடிக்கும் அதிகமான மாணவர்களின் படிப்பு இப்படித் தடைபட்டது என்று யுனிசெஃப் சொல்கிறது. அதில் பெரும்பகுதிக்குக் காரணம் வெப்ப அலை. விட்ட பள்ளிக்குத் திரும்பாமலே போகும் பெண் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். வேலை போன வீட்டில் முதலில் நிற்பது அவள் படிப்புதான், முதலில் பேசப்படுவது அவள் கல்யாணம்தான்.

தண்ணீர் வடிந்ததும் கேமராக்கள் போய்விடும். பிள்ளைகளுக்கு ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. சம்ப்பில் சாக்கடை கலந்திருக்கும். வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, டைபாய்டு, எலிக்காய்ச்சல், இரண்டு வாரம் கழித்து டெங்கு. சேற்றில் வெறுங்காலோடு விளையாட விடாதீர்கள். குடிக்கும் தண்ணீர் தளதளவென்று கொதித்து ஆறியதாக இருக்கட்டும். கேன் தண்ணீரானாலும் சரி.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ்., அதிலும் உஷார். கடையில் அட்டை டப்பாவில் பழச்சாறு மாதிரி விற்ற பல பானங்கள் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளை வைத்திருந்தன. உள்ளே சர்க்கரை பல மடங்கு. அது போக்கை அதிகமாக்கும். ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்காகப் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. உலக சுகாதார நிறுவன அளவுப்படி 1 லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். பாக்கெட்டில் இதைப் பார்த்து வாங்குங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருவார்கள். 1 லிட்டர் பாக்கெட்டை 1 லிட்டரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் பாதியைக் கொட்டிக் கலக்கினால் உப்பு ஏறி, மருந்தே வினையாகும். கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள். போக்கு நின்றுவிட்டது என்று பாதியில் விடாதீர்கள்.

முகாமுக்குப் பால்பவுடர் டப்பா வாங்கிக்கொண்டு ஓடும் நல்ல உள்ளங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கொடுக்காதீர்கள். கல்யாண மண்டபத்து முகாமில் கொதிக்கவைத்த தண்ணீர் எங்கே, புட்டியைக் கழுவ இடம் எங்கே? எல்லாருக்கும் டப்பா நீட்டினால் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தவரும் நிறுத்திவிடுவார். அதனால்தான் பேரிடர் நேரத்தில் கண்டபடி பால்பவுடர் விநியோகிக்கக் கூடாது என்று யுனிசெஃபும் உலக சுகாதார நிறுவனமும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. தாய்ப்பால் கொடுக்க வழியே இல்லாத குழந்தைக்கு மட்டும், மருத்துவர் பார்த்து, சுத்தமாகக் கலக்கிக் கொடுக்கும் ஏற்பாட்டோடு வரட்டும். நீங்கள் அம்மாவுக்குச் சுடுசோறும், பால் கொடுக்க ஒரு திரை மறைவும், குழந்தைக்கு உலர்ந்த துணியும், கொசுவலையும் கொடுங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். 'சொந்தக்காரன்' என்று சொல்லிக்கொண்டு யாராவது தனியாக இருக்கும் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தால் விடாதீர்கள், 1098-க்கு அழையுங்கள். சுனாமிக்குப் பிறகு பெற்றோரை இழந்த பிள்ளைகளை அவசரப்பட்டு யாரும் தத்தெடுத்துக் கொண்டுபோக விடாமல், நாகப்பட்டினத்தில் அரசே இல்லம் திறந்து வளர்த்ததை மறந்துவிட வேண்டாம்.

கடைசியாகப் பள்ளி. 'நாளை முதல் வழக்கம்போல் செயல்படும்' என்று அறிவிப்பு வந்ததும் பையை மாட்டி அனுப்பிவிடாதீர்கள். முதல் நாள் நீங்களும் போங்கள். ஊறிப்போன சுற்றுச்சுவரைப் பாருங்கள். 2019 டிசம்பரில் மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய சுவர் வீடுகள் மேல் விழுந்து 17 பேர் செத்தார்கள். சுவிட்ச் போர்டில் ஈரம் இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டார்களா, கழிப்பறையில் பாம்பு பார்த்தார்களா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். நான்கு பெற்றோர் சேர்ந்து போய்க் கேட்டால் பதில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. சரிசெய்து காட்டும்வரை பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும்.