யாழ்ப்பாண அணியும் வன்னி ரசிகனும்

ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய விளையாட்டு அணி உண்மையில் யாருக்கு உரியது? பணம் முதலிட்டவருக்கா, களத்தில் ஆடும் வீரருக்கா, அன்றி அந்தப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நெஞ்சு நிமிரும் மக்களுக்கா?

அமெரிக்காவிலே இவ்வினா ஒரு காலத்தில் பெருந் துயரோடு எழுந்தது. நியூயோர்க் நகரின் ஒரு பகுதியாகிய புரூக்ளினில் டொட்ஜர்ஸ் என்னும் பேஸ்போல் அணி இருந்தது. 1947ஆம் ஆண்டில் ஜக்கி றொபின்சன் என்னும் கறுப்பின வீரரைச் சேர்த்துக்கொண்டு, அந்த ஆட்டத்தில் நெடுங்காலம் நிலவிய நிறத்தடையைத் தகர்த்த அணி அதுவே. பன்முறை இறுதிவரை சென்று தோற்றபின், 1955இல் முதன்முறையாக உலகத் தொடரை வென்றது. ஆனால் 1957ஆம் ஆண்டின் ஆட்டங்கள் முடிந்ததும், உரிமையாளர் அணியை லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் கொண்டு சென்றுவிட்டார். சட்டத்தின் முன் அது அவருடைய உடைமை. புரூக்ளின் மக்களுக்கோ அது வீட்டுப் பிள்ளை.

இதனை ஒத்ததொரு கதை வட இலங்கைக்கும் உண்டு. யாழ்ப்பாணத்திலே கிரிக்கெற் நேற்று வந்த ஆட்டமன்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் புனித யோவான் கல்லூரிக்கும் இடையிலான ‘வடக்கின் பெரும்போர்’ 1904ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. எனினும், வன்னிப் பெருநிலத்தின் நிலை வேறு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய இடங்களில் பெரும்பாலான சிறுவருக்குக் கிட்டியது, வெறும் வெளியிலே தடியை நட்டு ஆடும் மென்பந்தாட்டமே. கடினப்பந்துக்கு வேண்டிய ஆடுதளமும் கருவிகளும் பயிற்றுநரும் அரியனவாகவே இருந்தன. 2009ஆம் ஆண்டுவரை நீடித்த போரோ, ஆடும் வெளிகளையும் ஆடும் வயதினரையும் ஒருங்கே பறித்துக்கொண்டது.

இத்தகைய நிலத்தின் காதில், 2020ஆம் ஆண்டின் இறுதியில், ஒரு புதிய பெயர் விழுந்தது. லங்கா பிரிமியர் லீக் என்னும் இருபது ஓவர் சுற்றுப்போட்டியில் கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை ஆகியவற்றோடு யாழ்ப்பாணமும் ஓர் அணியாக இடம்பெற்றது. ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் என்பது அதன் பெயர். பெருந்தொற்றுக் காலமாதலால், ஆட்டங்கள் யாவும் பார்வையாளர் இன்றி அம்பாந்தோட்டையிலேயே நடைபெற்றன.

அவ்வாண்டு டிசெம்பர் 2ஆம் திகதி இரவு, புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. வடபுலம் எங்கும் பெருமழை கொட்டியது. இரண்டு நாட்களின் பின், தீவின் தென்கோடியில், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவராகிய விஜயகாந்த் வியாஸ்காந்த் முதன்முறையாக இந்த அணிக்காகக் களமிறங்கினார். மறுநாள்தான் அவருக்குப் பத்தொன்பது வயது நிறைவுற இருந்தது. மணிக்கட்டுச் சுழற்பந்து வீச்சாளராகிய அவர் வீழ்த்திய முதல் விக்கெற், இலங்கை அணியின் முன்னாள் தலைவர் அஞ்சலோ மத்தியூசுடையது. வன்னி ரசிகனுக்கு அந்த அணி ‘நம்முடையது’ ஆகிய நாள் அதுவே எனலாம்.

டிசெம்பர் 16ஆம் திகதி இறுதியாட்டத்தில், திசர பெரேராவின் தலைமையில், காலி அணியை 53 ஓட்டங்களால் வென்று யாழ்ப்பாணம் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு உரிமை கைமாறியது. முல்லைத்தீவிலே பிறந்து பிரித்தானியாவில் தொழில் வளர்த்த அல்லிராஜா சுபாஸ்கரனின் லைக்கா நிறுவனம் அணியைப் பொறுப்பேற்க, ஜஃப்னா கிங்ஸ் என்னும் பெயர் வந்தது. 2021இல் மீண்டும் காலியை 23 ஓட்டங்களால் வென்றது. 2022இல் கொழும்பு அணியை இரண்டே விக்கெற்றுகளால் வென்று, தொடர்ந்து மூன்றாம் முறையும் கிண்ணத்தைத் தனதாக்கியது. 2023இல் இறுதியாட்டத்தை எட்டவில்லை. 2024 ஜூலை 21இல், சரித் அசலங்கவின் தலைமையில், காலியை 9 விக்கெற்றுகளால் வீழ்த்தியது. ரைலி ரூசோ ஆட்டமிழக்காமல் 106 ஓட்டங்கள் குவித்தார். ஐந்து போட்டிகளில் நான்கு கிண்ணங்கள்!

இவ்வெற்றிகளுக்கு இடையே, வன்னி ரசிகனின் மனத்தை ஒரு குறை அரித்துக்கொண்டே இருந்தது. அணியின் பெயர் யாழ்ப்பாணம். ஆனால் அந்த ஐந்து போட்டிகளில் ஒன்றிலேனும் அது வடமாகாண மண்ணில் ஆடியதில்லை. அம்பாந்தோட்டை, கொழும்பு, பல்லேகல, தம்புள்ளை ஆகிய இடங்களே அதன் களங்கள். கிண்ணம் வென்றவருள் பெரும்பாலோர் தென்னிலங்கையரும் அயல்நாட்டவரும் ஆவர்; வடபுலத்து இளைஞர் ஒரு சிலரே இடம்பெற்றனர்.

இதற்குக் காரணம் இத்தகைய போட்டிகளின் அமைப்பிலேயே உண்டு. அணியை நடத்தும் உரிமை, குறித்த காலத்துக்கு ஒப்பந்த அடிப்படையில் முதலீட்டாளருக்கு வழங்கப்படுகின்றது. வீரர்கள் தெரிவுமுறையாலோ ஏலத்தாலோ சேர்க்கப்படுகின்றனர். ஊர்ப் பெயர் ஒன்றே மாறாது நிற்பது; அதன் கீழ் ஆளும் மாறலாம், உரிமையாளரும் மாறலாம். 2025 ஏப்ரலில் இவ்வுண்மை கண்கூடாயிற்று. ஒப்பந்தக் கடமைகள் நிறைவேற்றப்படவில்லை எனக் கூறி, யாழ்ப்பாண அணியினதும் கொழும்பு அணியினதும் உரிமைகள் முடிவுறுத்தப்பட்டதாக ஸ்ரீ லங்கா கிரிக்கெற் நிறுவனம் அறிவித்தது. நான்கு முறை வென்ற அணிக்கு ஒரே அறிவித்தலில் உரிமையாளர் இல்லாமற் போயிற்று.

அவ்வாறாயின், ரசிகன் கொண்ட பற்று வீணோ? அன்று. வியாஸ்காந்த் 2024இல் இந்தியப் பிரிமியர் லீக்கில் ஹைதராபாத் அணிக்காக ஆடினார். ஒப்பந்தம் முடிந்தாலும் அந்தப் பாதை மூடப்படவில்லை. 2025 செப்டெம்பர் முதலாம் திகதி, யாழ்ப்பாணத்தை அடுத்த மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெற் மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். ஊரின் பெயரைத் தாங்கும் அணிக்கு ஊரிலேயே ஒரு களம் வேண்டும் என்னும் நெடுநாள் ஏக்கத்துக்கு அது ஒரு விடை.

ஆயினும், மைதானம் ஒன்றினால் மட்டும் வீரர் தோன்றிவிடுவதில்லை. மாங்குளத்திலும் நெடுங்கேணியிலும் மென்பந்து வீசும் சிறுவன் கையில் கடினப்பந்தைக் கொடுத்து, அதனைப் பிடிக்கும் முறையைக் கற்பிக்க ஒருவர் வேண்டும். அது நிகழும் நாளிலேதான், கிண்ணத்தில் பொறித்த ஊர்ப்பெயர் அவ்வூராருக்கே முழுவதும் உரியதாகும். புரூக்ளின் மக்கள் தாம் பெற்றிருந்த அணியை இழந்தனர். வன்னி மக்களோ தம் அணியை இனிமேற்றான் முழுமையாகப் பெற வேண்டியவர்கள்.