பல இழைகளும் ஓர் அடியும்



தூத்துக்குடிக் கடலில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. அதனைக் கண்ட முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 'பார்' எனப்படும் சிப்பித் திட்டின்மேல் தோணி நிற்கும். கல்லின் பாரத்தால் பலர் கடலுக்குள் இறங்குவர். ஒவ்வொருவருக்கும் மேலே கயிறு பிடிப்பவர் ஒருவர் இருப்பார். இப்போது ஒரு கேள்வி. நீருக்குள் இருக்கும் பலருள் ஒருவருடைய வேலையை மட்டும் அசைவு அசைவாகக் கவனிக்க விரும்பினால், மற்றவர்களை என்ன செய்வது? மேலே இழுத்து நிறுத்துவதா, அவர்கள் பாட்டுக்கு இயங்க விடுவதா?

கணிப்பொறித் துறையில் இதே கேள்வி நாள்தோறும் எழுகிறது. கணிப்பொறிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைத் தொகுதியை நிரல் என்கிறோம். ஒரே நிரலுக்குள் பல வேலைகள் உடனிகழ்வாக நடக்குமாறு அமைப்பதும் உண்டு. அத்தகைய வேலைத் தொடர் ஒவ்வொன்றும் ஓர் இழை. இழைகளுக்கு நினைவகம் பொது. தொல்லை தொடங்குவதும் அங்கேதான்.

துறைமுகத்திற்கு இரு வாயில்கள் உள்ளன என்று கொள்வோம். உள்ளே வரும் லாரிகளை இரு எழுத்தர்கள் ஒரே பதிவேட்டில் எண்ணுகிறார்கள். பதிவேட்டில் 100 என்றிருக்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் அதைப் படிக்கின்றனர். இருவரும் ஒன்று கூட்டி 101 என்று எழுதுகின்றனர். வந்தவை இரண்டு லாரிகள்; ஏறியது ஒன்றே. எழுத்தர் இருவருமே கணக்கில் தவறவில்லை என்பதைக் கவனியுங்கள். தவறு அவர்கள் சந்தித்த நொடியில் இருக்கிறது. இதைத் தடுக்க, ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்குமாறு ஒரு 'பூட்டு' வைப்பர்.

இது வெறும் லாரிக் கணக்கோடு நிற்கும் செய்தியன்று. தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பொறியால் 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைப் பெற்றனர். அவர்களுள் சிலர் மாண்டனர். டெக்ஸாஸ் மாநிலத்தில் டைலர் நகரில் 1986-இல் நேர்ந்த இரு விபத்துகளுக்கு, உடனியங்கிய வேலைகள் ஒன்றையொன்று முந்திய பிழையே காரணம். இயக்குபவர் திரையில் எழுதியதை எட்டு நொடிக்குள் திருத்தினால்தான் அப்பிழை தலைகாட்டும். மெதுவாகத் தட்டச்சு செய்தவர்களுக்கு அது தோன்றவேயில்லை. பழகிக் கை வேகம் பெற்றவரிடமே தோன்றியது!

இத்தகைய பிழைகளைத் தேட உதவும் கருவிக்குப் பிழைத்திருத்தி என்று பெயர். பெயர் அவ்வளவு பொருத்தமன்று. அது எதையும் திருத்துவதில்லை, காட்டுகிறது. திருத்த வேண்டியவர் நாமே. ரிச்சர்டு ஸ்டால்மன் 1986-இல் உருவாக்கிய ஜி.டி.பி. இவற்றுள் புகழ் பெற்றது. நிரலை ஓரிடத்தில் நிறுத்தி, ஒரு வரியை மட்டும் நடத்தி, மீண்டும் நிறுத்திப் பார்க்கலாம். இதனை 'அடி எடுத்தல்' என்போம்.

ஓரிழை நிரலில் இதில் சிக்கல் குறைவு. பல இழைகள் இருந்தால்? நீங்கள் ஓர் இழையில் ஒரு வரி நகர்வதற்குள் மற்ற இழைகள் பல வரிகளைக் கடந்திருக்கக்கூடும். எல்லா இழைகளையும் படைவீரர் நடையைப்போல் ஒத்து நடத்த முடியாது என்று ஜி.டி.பி.யின் கையேடே கூறுகிறது. எந்த இழைக்கு எப்போது முறை வரும் என்று தீர்மானிப்பது இயக்க முறைமை. போதாக்குறைக்கு, வேறோர் இழை இடையில் ஒரு நிறுத்தப்புள்ளியை அடைந்தால் நம் பார்வையும் அந்த இழைக்குத் தாவிவிடும்.

அப்படியானால் மற்றவற்றை உறையச் செய்துவிடலாமே என்பீர்கள். அதற்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் துறையில் ஒரே ஓர் இடம் இருக்கிறது. அங்கே நிற்கும் தோணியை 'அசையாதே' என்று கட்டளையிட்டுவிட்டு, வெளியே காத்திருக்கும் தோணியை 'உள்ளே வா' என்றால் அது எப்படி வரும்? நாம் அடி எடுக்கும் இழை ஒரு பூட்டுக்காகக் காத்திருக்க, அப்பூட்டை வைத்திருக்கும் இழையை நாமே உறைய வைத்திருந்தால், அந்த அடி ஒருநாளும் முடியாது. ஆகவே இரண்டு முறைகளும் தேவை. எப்போது எது என்பதைப் பயன்படுத்துவோர் தேர்ந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நிறுத்தப்புள்ளி வைப்பது என்றால் அவ்விடத்துக் கட்டளையின் தொடக்கத்தை எடுத்துவிட்டு, அங்கே ஒரு நிறுத்தக் கட்டளையை இடுவதாகும். இன்டெல் வகைச் செயலிகளில் அது ஒரே ஒரு பைட் நீளமுடையது. அவ்விடத்தைத் தாண்டிச் செல்ல, பழைய பைட்டைத் திரும்ப வைத்து, ஒரு கட்டளையை நடத்தி, மறுபடி நிறுத்தக் கட்டளையை இடவேண்டும். காவலர் ஒரு கணம் நாற்காலியை விட்டு எழுந்ததற்கு ஒப்பாகும் இது. அந்தக் கணத்தில் வேறோர் இழை அவ்வழியே நழுவிப் போகலாம். எனவே அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் மற்ற இழைகளை நிறுத்துவர்; அல்லது அக்கட்டளையைப் படியெடுத்து வேறிடத்தில் வைத்து நடத்துவர்.

இவ்வளவு நுணுக்கங்கள் கொண்ட கருவி சரியாக நடக்கிறதா என்று எவ்வாறு சோதிப்பது? விடை முன்னரே தெரிந்த கணக்கைக் கொடுத்துத்தான். ஜி.டி.பி.யின் சோதனைத் தொகுதியில் ஷெட்லாக் என்றொரு சோதனை இருக்கிறது. அதிலுள்ள சிறு நிரலில் ஒவ்வோர் இழையும் தனக்கென ஒதுக்கிய எண்ணை மட்டும் ஓயாது கூட்டிக்கொண்டிருக்கும். மற்றவற்றை உறையச் செய்து ஓர் இழையில் சில அடிகள் எடுத்தால் அதன் எண் மட்டுமே உயரவேண்டும். ஏனையவை இம்மியும் அசையக்கூடாது. உறைவை நீக்கினால் ஏனையவையும் உயர்ந்திருக்க வேண்டும்.

முன்னது திட்டவட்டமான சோதனை. பின்னதில் ஓர் இடர் உண்டு. மற்ற இழைகளுக்கு இயக்க முறைமை அந்த இடைவெளியில் முறையே தராதிருந்தால், பிழைத்திருத்தி சரியாக நடந்தும் சோதனை தோற்றதாகக் காட்டும். எனவே போதிய அவகாசம் தரவேண்டும். சில வேளை வென்று சில வேளை தோற்கும் சோதனையைக் காட்டிலும் எப்போதும் தோற்கும் சோதனையே மேல் என்பது என் கருத்து. பின்னதை யாரும் 'மறுமுறை ஓட்டிப் பார்ப்போம்' என்று தள்ளிவைப்பதில்லை.

கல்லூரி மாணவர்கள் தாமே ஒன்று செய்து பார்க்கலாம், ஜி.டி.பி. இலவசமாகக் கிடைக்கும். பத்து இழைகள் கொண்ட நிரல் ஒன்றை எழுதுங்கள். ஒவ்வோர் இழையும் ஒரே வரியை நூறு முறை கடக்கட்டும். அவ்வரியில் நிறுத்தப்புள்ளி வைத்து, ஒவ்வொரு நிறுத்தத்தையும் எண்ணுங்கள். ஆயிரம் வரவேண்டும். ஒரு முறை ஆயிரம் வந்ததும் எழுந்துவிடாதீர்கள். கணிப்பொறிக்கு வேறு வேலைகளும் கொடுத்து, செயலியின் கருக்களைக் கூட்டியும் குறைத்தும் மறுபடி மறுபடி எண்ணுங்கள். என்றேனும் 999 வந்தால் முதலில் உங்கள் நிரலைப் பாருங்கள். அதில் குற்றமில்லையென்றால், காவலர் எழுந்திருந்த கணத்தில் யாரோ ஒருவர் உள்ளே போயிருக்கிறார்.