ஜெல்லி மீன் தந்த வெளிச்சம்!

உங்கள் வீட்டு எல்.இ.டி. பல்பு வெள்ளையாக எரிகிறதல்லவா? உள்ளே பிறப்பது நீல ஒளிதான். மேலே பூசிய பொடி அதில் ஒரு பகுதியை மஞ்சளாக்க, இரண்டும் கலந்து வெள்ளையாகிறது. பொடிக்கு வேண்டிய இட்ரியம், சீரியம் போன்ற உலோகங்களுக்காகப் பூமியைக் குடைய வேண்டியிருக்கிறது.

அதற்கு மாற்று, புரதம்! 1962-ல் ஷிமோமுரா என்ற ஜப்பானிய விஞ்ஞானி, அமெரிக்கக் கடலோரத்து ஜெல்லி மீனில் பச்சையாக ஒளிரும் புரதத்தைக் கண்டார். (பயப்படாதீர்கள், இன்று மீன் பிடிக்கத் தேவையில்லை, பாக்டீரியாக்களே தயாரித்துத் தருகின்றன.) 2015-ல் ஜெர்மனியில் ரூபன் கோஸ்டா குழுவினர் இவ்வகைப் புரதங்களை ரப்பர் போன்ற பசையில் குழைத்து எல்.இ.டி. மேல் பூசினார்கள். வெள்ளொளி வந்தது!

ஆனால், முட்டையை வேகவைக்கும் உங்களுக்குத் தெரியாததா? புரதத்துக்குச் சூடு ஆகாது. விளக்கின் சூட்டிலிருந்து சற்று எட்ட வைத்தால் கூடுதல் நாள் தாங்குகிறது. கடைக்கு வர அது போதாதே!