மச்சுக்கும் மூச்சு வேணும்!

அக்னி நட்சத்திரம் வந்தால் எங்கள் வேலூர், வாலாஜாபேட்டை பக்கம் சில நாள் வெயில் 42 டிகிரியைத் தாண்டிவிடும். எங்களுடையது ஓடு போட்ட மச்சு வீடு. ஓட்டுக்கும் மச்சுப் பலகைக்கும் நடுவே அனல் அடைபட்டுக் கிடக்கும். ஃபேன் போட்டால் அந்தச் சூடுதான் கீழே இறங்கும்.

என் வீட்டுக்காரருக்குத் தோல் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். பகலில்தான் தூங்க வேண்டும். தூக்கம் கெட்டுப்போய் மிஷின் முன்னால் நிற்கிறாரே என்று எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சூடான காற்று மேலேதான் போகும். கொத்தனாரைக் கூப்பிட்டு, முகட்டை ஒட்டி இரண்டு பக்கச் சுவரிலும் காற்றுத் துவாரம் விடச் சொன்னேன். புதுக்காற்று நுழைய கூரை விளிம்பருகே கீழேயும் வழி வைத்தோம். எலி, வௌவால் வராமல் வலை அடித்தாயிற்று. ஓட்டின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினோம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். தெலங்கானாவில் 2023-ல் அரசே 'குளிர் கூரை' கொள்கை கொண்டுவந்திருக்கிறது! காலை எட்டு மணிக்கே வெயில் படும் ஜன்னல்களைச் சாத்தி, ராத்திரி எல்லாவற்றையும் திறந்துவிடுகிறேன்.

மத்தியானம் குளுகுளுவென்று இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் நாலு மணி நேரம் அசந்து தூங்குகிறார். சகோதரிகளே, ஏ.சி.க்குத் தவணை கட்டுமுன் கொத்தனாரை ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, வாலாஜாபேட்டை